ஸ்க்ரீன் குறைவு என்றது, நோயாளி கதவைத் தட்டினார்

நைட் டியூட்டியில் அடிக்கடி நடக்கும். மானிட்டர் ஆக்சிஜன் 70 என்று அலறும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஐயா உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருப்பார். விரல் ஜில்லுன்னு இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இதுவே தலைகீழா நடந்தா? ஆள் ஆபத்தில், ஸ்க்ரீன் மட்டும் வேற கதை சொன்னா?

நடந்திருக்கு. சொல்றேன்.

1986 மார்ச். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் தெராக்-25 மெஷின். ஒருவர் ஒன்பதாவது முறையாகச் சிகிச்சைக்கு வந்து படுத்திருக்கிறார்.

ஆபரேட்டர் அம்மா வெளி அறையில். எலக்ட்ரான் கதிருக்குப் பதில் எக்ஸ்ரே என்று தவறாக டைப் செய்துவிட்டார். உடனே திருத்தினார். ஸ்க்ரீனிலும் திருந்திவிட்டது. பட்டனை அழுத்தினார்.

"மால்ஃபங்ஷன் 54" என்று வந்தது. கூடவே, கேட்டது 202 யூனிட், போனது வெறும் 6 என்றது ஸ்க்ரீன். அந்த மெஷின் இப்படி நிற்பது வழக்கம்தான். மறுபடி அழுத்தினார்.

உள்ளே இருந்தவருக்கு முதல் முறையே முதுகில் ஷாக் அடித்த மாதிரி இருந்தது. எழ முயன்றபோது கையில் இரண்டாவது அடி. அன்று பார்த்து வீடியோ கனெக்‌ஷன் இல்லை, இன்டர்காமும் பழுது. அவரே எழுந்து வந்து கதவைத் தட்டியபோதுதான் வெளியே தெரிந்தது.

டாக்டர் பார்த்தார், தோல் சிவந்திருந்தது. ஷாக் என்று நினைத்தார். நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

போக வேண்டியது 180 ராட். போனது 16,500 முதல் 25,000 ராட் வரை என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து மாதத்தில் இறந்துவிட்டார்.

தயாரித்த நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? இந்த மெஷினில் ஓவர்டோஸ் சாத்தியமே இல்லை என்று. ஏப்ரல் 7 மெஷின் மறுபடி ஓடியது. ஏப்ரல் 11 அதே ஆபரேட்டர், அதே திருத்தம், அதே 54. இந்த முறை இன்டர்காம் வேலை செய்தது. சத்தம் கேட்டு உள்ளே ஓடினார். அந்த நோயாளியும் மூன்றே வாரத்தில் இறந்தார்.

ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் அந்த அம்மாவும் உட்கார்ந்து, அதே எழுத்துகளைத் திரும்பத் திரும்ப டைப் செய்து பார்த்தார்கள். மெதுவாக அடித்தால் ஒன்றுமில்லை. வேகமாக அடித்தால் 54! சுமார் 8 நொடிக்குள் திருத்தினால் ஸ்க்ரீன் மட்டும் மாறும், உள்ளே கதிரின் வீரியம் எக்ஸ்ரேவுக்கானதாகவே நிற்கும்.

இதே பிழை முந்தைய மாடல் தெராக்-20லும் இருந்தது. அதில் தனியாக ஒரு பாதுகாப்பு சர்க்யூட் உண்டு. ஃப்யூஸ் போகும், மெஷின் நிற்கும், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று புது மாடலில் அதை எடுத்துவிட்டார்கள்.