வெடிப்பு அபாயச் சோதனை

வெடிப்பு அபாயச் சோதனை என்பது, தொழிற்சாலையில் ஆக்கப்படும் அல்லது துறைமுகத்தில் இறக்கப்படும் ஒரு வேதிப்பொருள், உஷ்ணத்தாலோ, அடியாலோ, உராய்வாலோ, அருகில் நிகழும் வேறொரு வெடிப்பின் அதிர்ச்சியாலோ தானும் வெடிக்கும் இயல்புடையதா என்பதை, அதனைக் கிடங்கில் அடுக்குவதற்கும் கப்பலில் ஏற்றுவதற்கும் முன்னரே சிறிய மாதிரியைக் கொண்டு நிர்ணயிக்கும் முறையாகும். வெடிமருந்து என்று பெயர் பெற்றவற்றிடம் எவரும் எச்சரிக்கையோடு நடந்துகொள்வர். உரம் என்றும் உப்பு என்றும் சாதுவான பெயரோடு மூட்டைகளில் வருபவற்றுக்கே இச்சோதனை இன்றியமையாதது.

மாதிரியும் குவியலும்: திருச்செந்தூருக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே கடலை நோக்கி அமைந்த ஆலந்தலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரைக்கு மாதிரி பார்த்தல் புதியதன்று. சலாபம் என்னும் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன், பார் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகையின் பல இடங்களில் ஆள் இறக்கிச் சிப்பி எடுத்து, அவற்றிலிருந்து கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு நடத்தலாமா என்று தீர்மானிப்பது இங்கு வழக்கமாயிருந்தது. ஓரிடத்துச் சிப்பி பார் முழுமைக்கும் சாட்சி சொல்லாது என்னும் அதே விதி வேதிப்பொருளுக்கும் பொருந்தும் என்பதை ஜெர்மனியின் ஒப்பாவ் நகரம் பெருந்துயரத்தின் வாயிலாகக் காட்டிற்று. அங்கே அம்மோனியம் சல்பேட்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த உரம் கிடங்கில் பாறைபோல் இறுகிவிடும். சிறு வெடிகளை வைத்தே அதனைத் தகர்த்து எடுத்தனர். இருபதாயிரம் முறைக்கு மேல் செய்தும் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் 1921 செப்டம்பர் 21 அன்று, சுமார் 4,500 டன் குவியலில் ஒரு பகுதி வெடித்து, 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கலவையின் சராசரி விகிதம் ஆபத்தற்றதெனக் கொள்ளப்பட்டிருந்தும், குவியலின் சில இடங்களில் நைட்ரேட் மிகுந்திருந்தமையே காரணமாகலாம் என்று பின்னர் ஆராய்ந்தோர் கருதினர்.

பூர்வாங்க ஆய்வு: முதலில் பொருளின் மூலக்கூற்று அமைப்பு ஆராயப்படும். நைட்ரோ, நைட்ரேட், பெராக்சைடு, அசைடு போன்ற தொகுதிகள் இருப்பின் ஐயம் எழும். அடுத்து, பொருள் முற்றும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதனுள்ளேயே எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும் ஆக்சிஜன் சமநிலை கணக்கிடப்படும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு இது +20 சதவீதம். அதாவது எரிந்தபின் ஆக்சிஜன் மிஞ்சும். தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் ஆக்கப்படும் யூரியாவுக்கோ இது −80 சதவீதம். வெடிப்பூட்டும் தொகுதிகளும் அதில் இல்லை. இரண்டும் வெண்மணிகள், இரண்டும் தழைச்சத்து தரும் உரங்கள். ஆயினும் கண்ணுக்குத் தெரியாத அமைப்பிலேதான் அபாயமும் அபயமும் பிரிகின்றன.

ஆய்வுக்கூடச் சோதனைகள்: ஐயத்திற்குரிய பொருளின் சில மில்லிகிராமை மெல்லச் சூடேற்றி, அது சிதையும்போது வெளிப்படும் வெப்பம் முதலில் அளக்கப்படும். பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் சோதனைக் கையேடு வகுத்த முறைகள் பின்பற்றப்படும். வீழ்சுத்திச் சோதனையில் 40 கன மில்லிமீட்டர் அளவுள்ள பொருளின்மீது எடை விழவிடப்படும்; ஆறு முயற்சிகளில் ஒருமுறையேனும் 2 ஜூல் அல்லது அதற்குக் குறைந்த ஆற்றலில் வெடித்தால் (ஒரு கிலோ எடை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் அடியே அது) அப்பொருள் அந்நிலையில் கொண்டுசெல்லத் தகாதது. பீங்கான் தகட்டின்மீது பீங்கான் முளையால் தேய்த்து உராய்வு சோதிக்கப்படும்.

இவற்றுள் கோனன் சோதனை விசேஷமாகக் கருதத்தக்கது. 75 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயில் 60 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பொருளை நிரப்பி, நடுவில் துளையுள்ள தகட்டால் மூடி, நான்கு எரிவாயு அடுப்புகளால் சூடேற்றுவர். துளை அகலமாயிருந்தால் வாயு சீறி வெளியேறிவிடும். துளையைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே வர, ஒரு கட்டத்தில் குழாய் மூன்றோ அதற்கு மேற்பட்டோ துண்டுகளாகச் சிதறும். அத்துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்டதாயின், பொருள் அடைபட்ட நிலையில் உக்கிரமானது என்று முடிவு செய்யப்படும். திறந்த வெளியில் அமைதியாக எரியும் பொருள் மூடிய கலத்தில் வேறாக நடந்துகொள்ளும் என்னும் உண்மையை இச்சிறு துளை அளந்து சொல்கிறது.

இந்தியச் சட்டம்: 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ், எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் கொண்ட கலவைகள் 2011-இல் வெடிபொருளாக அறிவிக்கப்பட்டன, 2012-இல் தனி விதிகள் வந்தன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதனைக் கண்காணிக்கிறது. 2020 ஆகஸ்டு 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, சென்னை மணலியில் 2015-இல் பறிமுதலான ஏறத்தாழ 740 டன், 37 கொள்கலன்களில் கிடந்தமை பலருக்கும் நினைவுக்கு வந்தது. அம்மாதமே அது ஐதராபாத்துக்கு அனுப்பப்படலாயிற்று.

தென்கரையின் எதிர்காலம்: ஆலந்தலைக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து ஏவப்படவிருக்கும் சிறு செயற்கைக்கோள் ஏவுகலத்தின் மூன்று முதன்மைக் கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குவன. அவ்வெரிபொருளின் பெரும்பகுதி அம்மோனியம் பெர்குளோரேட். இப்பொருளை வெடிபொருளாகக் கொள்வதா, எரிதலை ஊக்குவிக்கும் ஆக்சிகரணியாகக் கொள்வதா என்பது அதன் துகள் அளவையும் பொதியையும் பொறுத்து மாறும். பெயரைக் கேட்டுத் தீர்மானிக்க இயலாது, சோதித்தே அறியவேண்டும்.

ஆதலின் ஒருமுறை பெற்ற சான்றிதழ் என்றென்றைக்கும் காவலாகாது. துகள் மாறினாலும், ஈரம் ஏறினாலும், எண்ணெயோ கரித்தூளோ கலந்தாலும், சிப்பம் மாறினாலும், அது சோதனைக்குரிய புதுப்பொருளே. இதுவரை வெடிக்கவில்லை என்பது சோதனை ஆகாது. ஒப்பாவில் இருபதாயிரம் முறை வெடிக்கவில்லை.