புற்றாஞ்சோறு

நம் ஊரில் ஈசல் பிடித்த விதம் 1779இல் பெர்லினில் அச்சேறியிருக்கிறது. எழுதியவர் யோஹன் கெர்ஹார்ட் கோனிக். தாவரவியலாளர் லின்னேயஸிடம் படித்து, 1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்தவர். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருப்பது இவர் பெயர்தான்.

புற்றில் இரண்டு துளை போடுவார்களாம். காற்று வரும் பக்கம் நாற்றமடிக்கும் பொருளைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில் வாசனைத் தழை தேய்த்த பானை இருக்கும். புகைக்கு ஈசல் வந்து பானைக்குள் விழும். சில நேரம் நல்லபாம்பும் விழும் என்பதால் பானையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கிடைத்ததை மாவில் கலந்து பலகாரம் சுட்டு, ஏழைகளுக்கு மலிவாக விற்றார்கள். ஈசல் பிடித்தவர்களின் பெயர்களையும் கோனிக் எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பழக்கம் அவருக்கும் மிக முந்தியது. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலரே செம்புற்று ஈசலும் மோரும் சேர்ந்த புளிப்புச் சமையலைச் சொல்கிறார். என் அப்பாயி ஐப்பசி மழை விட்ட இரவில் விளக்கடியில் அண்டாத் தண்ணீரை வைப்பார். விழுந்த ஈசலைக் காயவைத்து, வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைப்பார். இறகெல்லாம் பறந்துபோகும். வறுத்த அரிசியோடு கலந்து தருவார். நெய் வாசம் வரும்.

புற்றை வெட்டினால் உள்ளே பழுப்பு நிறத்தில், கடற்பஞ்சு மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று இருக்கும். அதுதான் புற்றாஞ்சோறு. அகநானூற்றில் கரடி தேடித் தின்னும் குரும்பி இதுதான். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். மேலெல்லாம் வெள்ளை மணிகள். இதன்மேல் பூஞ்சை வளர்வதைக் கோனிக் கவனித்தார். எதற்கு என்பது துலங்க நெடுங்காலம் ஆயிற்று. விடை கறையானின் செரிமானத்தில் இருந்தது.

கறையான் மரத்தைச் செரிப்பது எப்படி என்ற வரலாற்றைப் பலரும் அமெரிக்காவிலிருந்து தொடங்குவார்கள். 1877இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜோசஃப் லெய்டி, கறையான் குடலைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஒருசெல் உயிரிகள் மொய்த்துக் கிடந்தன. ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். 1920களில் எல். ஆர். கிளீவ்லாண்ட் அந்த உயிரிகளை மட்டும் அழித்துப் பார்த்தார். கறையான் வழக்கம்போல் மரத்தைத் தின்றது, ஆனால் சில வாரங்களில் பட்டினியால் செத்தது. உயிரிகளைத் திரும்பக் குடலில் சேர்த்தபோது பிழைத்தது. அருமையான சோதனை!

ஆனால் நம் வயல்வரப்பில் புற்றெடுக்கும் கறையானின் குடலில் அந்த ஒருசெல் உயிரிகள் கிடையாது. இது வேறு வழி கண்ட இனம். மரத்தூளையும் பூஞ்சை வித்தையும் சேர்த்துத் தின்று, அரைகுறையாகச் செரித்ததை எச்சமாக அடுக்குகிறது. அந்த அடுக்குதான் புற்றாஞ்சோறு. குடலால் உடைக்க முடியாத லிக்னினைப் பூஞ்சை அங்கே உடைத்துத் தருகிறது. பக்குவமானதும் கறையான் அதைத் தின்கிறது. மிச்ச வேலை குடல் பாக்டீரியாக்களுடையது. மரம் பாதி வெந்து வருவது வயிற்றுக்கு வெளியே, மண்ணுக்குள்.

1906இல் இலங்கை பேராதனைத் தோட்டத்தில் இந்தப் பூஞ்சையை விரிவாக ஆராய்ந்த டாம் பெட்ச், கோனிக்கின் பழைய கட்டுரையைத் தேடிப் படித்தவர். 1942இல் ரோஜர் ஹெய்ம் அந்தப் பூஞ்சைக்கு டெர்மிடோமைசஸ் என்று பெயரிட்டார். மழைக்குப்பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அதன் பூப்புதான். சிப்பிக்காளானைப்போல இதைக் கொட்டகையில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்ப இன்னும் யாராலும் முடியவில்லை. புற்றை இடித்து மருந்தூற்றுகிறவர்கள் அந்தக் காளானையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.