சூரியோதய நாட்டில் வேதம் – 9: பாதிரியாருக்கு வைத்த பரீட்சை

வாசலில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களா, அல்லது நீதிமன்றம் அனுப்பிய வேவுகாரர்களா? அந்தக் கேள்வியோடுதான் சென்ற வாரம் பெர்னார் பெத்தீஜான் என்ற பிரெஞ்சுச் சாமியாரைக் கோயில் கதவருகே விட்டுவிட்டு வந்தோம்.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். நாகசாகித் துறைமுகத்தைப் பார்த்தபடி மலைச்சரிவில் நிற்கிறது ஓவுரா கோயில். அமாகுசாவைச் சேர்ந்த கொயாமா ஹிதெனோஷின் என்ற கட்டடக் கலைஞரின் கைவேலை. 1597-இல் இதே ஊரில் சிலுவையில் அறையப்பட்ட 26 வேதசாட்சிகளின் பேரில் பிப்ரவரி 19-ஆம் தேதிதான் மந்திரித்துத் திறந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் 'பிரெஞ்சுக் கோயில்' என்று பெயர் வைத்து, கூட்டம் கூட்டமாக வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் கூட்டம் அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து பேர். அவர்கள் நின்ற விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. பெத்தீஜான் கதவைத் திறந்தார், எதுவும் கேட்காமல் நேராகப் பீடத்துக்குப் போனார், முழங்காலிட்டார். பின்னால் காலடிச் சத்தம் தொடர்ந்து வந்தது.

ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம்தான் ஆகியிருக்கும். நடுவயதைத் தாண்டிய பெண்கள் சிலர் அவருக்குப் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார்கள். ஒருத்தி நெஞ்சில் கைவைத்து, சுவருக்கும் காது உண்டு என்று அஞ்சியவளாக, தாழ்ந்த குரலில் பேசினாள். இங்கே வந்திருக்கும் தங்கள் எல்லாருடைய நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றுதான் என்றாள். எந்த ஊர் என்று கேட்டார் சாமியார். உரகாமி என்று பதில் வந்தது. நாகசாகிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த விவசாயக் கிராமம் அது. அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் இதே நெஞ்சம்தான் என்றும் சொன்னாள். அடுத்து, சாமியார் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: சாந்த மரியாவின் சுரூபம் எங்கே?

இசபெலினா யூரி என்று அந்தப் பெண்ணின் பெயரை நாகசாகி இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

மாதா பீடத்துக்கு அழைத்துப் போனார். கையில் குழந்தை சேசுவோடு நின்ற சுரூபத்தைச் சுற்றி எல்லாரும் நெருங்கிக்கொண்டார்கள். குழந்தையைப் பார்த்ததும் அவர்களுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் போய்விட்டது. அவர் பிறந்த நாளைப் பனி மாதத்தின் 25-ஆம் நாள் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். நடுராத்திரியில் மாட்டுத் தொழுவத்தில் பிறந்ததையும், முப்பத்துமூன்று வயதில் சிலுவையில் நமக்காக மரித்ததையும் சொன்னார்கள். இப்போது துக்க காலம், இன்றைக்குப் பதினேழாம் நாள். உங்களுக்கும் அப்படித்தானே என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் 1-ஆம் தேதி. அன்றிலிருந்து எண்ணினால் மார்ச் 17 தவக்காலத்தின் பதினேழாம் நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை! ரோமாபுரியிலிருந்து ஒரு கடிதமும் வராத ஊர், பூசை வைக்க ஒரு குருவானவரையும் பார்க்காத ஊர், சந்திரனைப் பார்த்து மாதம் எண்ணும் நாடு. அங்கே தவக்காலம் நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

தொக்குகாவா ஆட்சி 1614-இல் வேதத்தைத் தடைசெய்து பாதிரிமாரைக் கப்பலேற்றியதையும், 1638-இல் ஷிமபாராக் கலகம் ரத்தத்தில் முடிந்ததையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். 1644-இல் மான்சியோ கொனிஷி கொல்லப்பட்டார். ஒளிந்து ஊழியம் செய்துவந்த கடைசிக் குருவானவர் அவர்தான். பாதிரியைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசு என்று முச்சந்திகளில் அறிவிப்புப் பலகை நின்றது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்தக் கோயிலில் பெயரைப் பதிந்தாக வேண்டும். வருஷம் பிறந்ததும் கிராமத் தலைவர் வீட்டில் ஆண், பெண், கைக்குழந்தை என்று எல்லாரும் வரிசையில் வந்து, சேசு அல்லது மாதா உருவம் பதித்த உலோகத் தகட்டை வெறுங்காலால் மிதிக்க வேண்டும்.

மிதித்தார்கள். உரகாமியிலும் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லாத காலத்தில் உண்மையான மனஸ்தாபமே மன்னிப்புக்கு வழி என்று விளக்கும் சிறு நூல் ஒன்று பாதிரிமார் காலத்திலேயே ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கையால் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து ஏழு தலைமுறை காப்பாற்றியிருந்தார்கள். அந்தக் கால்களைக் கோழையின் கால்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஊருக்குள் மூன்று பொறுப்புகள் இருந்தன. பஞ்சாங்கக்காரர் திருநாட்களைக் கணித்து, செபங்களையும் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர்க்காரர் ஞானஸ்நானம் கொடுப்பார். சேதிக்காரர் இந்த ஞாயிறு என்ன திருநாள், எந்த நாள் ஒருசந்தி என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவருவார். சாவு வீட்டில் பிக்கு வந்து சூத்திரம் ஓதுவதைத் தடுக்க முடியாது. அப்போது அடுத்த அறையில் சிலர் உட்கார்ந்து, அந்த ஓதலை அழிக்கும் செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். பஸ்தியான் என்ற உபதேசியார் 1634-ஆம் வருஷத்துப் பஞ்சாங்கத்தை வகுத்துக் கொடுத்ததாகவும், ஏழு தலைமுறை கழித்துப் பெரிய கப்பல்களில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனதாகவும் செவிவழிச் செய்தி.

வந்தவர்கள் அந்தக் குருக்கள்தானா? அதைச் சும்மா நம்பிவிட அவர்கள் தயாராக இல்லை. வரலாற்று நூல்கள் பலவும் மார்ச் 17-ஐ ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் ஜப்பானியக் கிறிஸ்தவர்களைக் 'கண்டுபிடித்த' நாளாக எழுதுகின்றன. நான் அதை ஏற்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் அந்தக் குடியானவர்கள். பரீட்சை வைத்தவர்களும் அவர்களே. மாதா எங்கே என்பது முதல் கேள்வி. மற்ற இரண்டும் சில வாரங்கள் கழித்து வந்தன. பேதுரு என்ற தண்ணீர்க்காரர், ரோமாபுரியில் இருக்கும் பெரிய தலைவரின் பெயர் என்ன என்று கேட்டார். ஒன்பதாம் பத்திநாதர் என்றார் பெத்தீஜான். அவர்கள் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்கள். குருக்கள் மணமுடிப்பதில்லை என்று பதில் வந்ததும் நெற்றி தரையில் படக் குனிந்து நன்றி சொன்னார்கள்.

பரீட்சையில் பெத்தீஜான் தேறிவிட்டார். ஆபத்து அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

1858 ஒப்பந்தம் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் குடியிருப்பில் கோயில் கட்டிக்கொள்ள மட்டுமே இடம் கொடுத்தது. தகட்டை மிதிக்கும் வழக்கம் நாகசாகியில் நின்றுபோயிருந்தாலும், ஜப்பானியர் வேதத்தில் சேர்வது பழையபடி குற்றம்தான். அதனால் பகலில் கூட்டமாக வர வேண்டாம் என்று பெத்தீஜான் கெஞ்சினார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஊழியம் செய்துவந்த அதே பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர்தான் அவரும். அவருடைய துணைக் குரு லொக்கேன் ஜப்பானிய உடையில் இருட்டில் உரகாமிக்குப் போய் வந்தார். கிராமத்தில் நான்கு ரகசியச் செபக்கூடங்கள் எழுந்தன. ஒன்று மாதா பேரில், ஒன்று சூசையப்பர் பேரில், ஒன்று கிளாரம்மாள் பேரில். இன்னொன்று சவேரியார் பேரில். மணப்பாட்டுக் கடற்கரையில் நடந்த கால்களோடு 1549-இல் ககோஷிமாவில் இறங்கிய நம் சவேரியார்தான்.

இரண்டு வருஷம் ரகசியம் தாங்கியது. மீண்டும் உபதேசம் கேட்டவர்களுக்கு இனிமேல் இரண்டு வேஷம் போட மனம் ஒப்பவில்லை. 1867 வசந்தத்தில் ஒரு வீட்டில் வயதான தாய் இறந்துபோனாள். சட்டப்படி ஷோத்தோக்குஜி கோயிலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். பிக்கு வந்து ஓதிய பிறகே அடக்கம். அந்த வீட்டார் ஆள் அனுப்பவில்லை. தங்கள் செபத்தைச் சொல்லித் தாங்களே அடக்கம் செய்தார்கள்.

விஷயம் கிராமத் தலைவருக்குப் போனது. கூப்பிட்டு விசாரித்தார். தவறு நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் அதோடு விட்டிருக்கலாம். அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. இனி எங்களுக்கும் அந்தக் கோயிலுக்கும் தொடர்பு இல்லை என்று வீடு வீடாகப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த ஊர், தன் பெயர்ப் பட்டியலைத் தானே அதிகாரியின் கையில் கொடுத்தது.

நீதிமன்றம் உடனே கை ஓங்கவில்லை. வெளிநாட்டுத் தூதர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். வேவுகாரர்கள் செபக்கூடங்களை எண்ணினார்கள், யார் தலைவர்கள் என்று குறித்துக்கொண்டார்கள். ஜூலை 14 இரவு, விடிந்தால் 15, காவலர்கள் கயிறுகளோடு உரகாமிக்குள் நுழைந்தார்கள். செபக்கூடங்கள் சூறையாடப்பட்டன. ஆண்களும் பெண்களுமாக 68 பேரைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

சிறையில் சித்திரவதை தொடங்கியது. அடி தாங்காமல் ஒருவர் பின் ஒருவராக வேதத்தை மறுப்பதாகக் கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் மற்ற எல்லாரும் பணிந்தபோது, ஒரே ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். தொமிங்கு என்ற ஞானஸ்நானப் பெயர் கொண்ட தகாகி செனெமோன், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு குடியானவர். அந்த ஒருவரை அரசு என்ன செய்தது? தலைகுனிந்து வீடு திரும்பிய மற்றவர்களுக்கு அவர்கள் பெண்டு பிள்ளைகள் கதவைத் திறந்தார்களா?

(தொடரும்)