திமிங்கிலத் தோலின் மஞ்சள் படலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற மாலுமிகள், நீலத் திமிங்கிலத்தின் அடிவயிற்றில் சில வேளைகளில் மஞ்சள் படர்ந்திருக்கக் கண்டு, கந்தகத்தோடு சேர்த்து அதற்குப் பெயரிட்டு வழங்கினர். பாதாளத்து ஓடுகளில் உரசி வந்த நிறம் அது என்று ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியான ‘மோபி டிக்’ நாவலில் கேலி பேசினார். உண்மையில் அந்நிறம் தோலில் ஒட்டி வாழும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளுடையது. டயாட்டம் என்பது, டப்பாவும் மூடியும்போல் பொருந்திய இரு சிலிக்கா ஓடுகளுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர். பச்சையத்தோடு பழுப்பு நிறமியும் கொண்டிருப்பதால், எண்ணிலடங்காமல் பெருகும்போது மஞ்சள் படலமாகத் தெரிகிறது.

இப்படலம் ஆய்வுப் பொருளானது வேட்டைத் தொழிலின் தயவால்தான் என்பதை மறைப்பதற்கில்லை. தெற்கு ஜார்ஜியா தீவின் கிரிட்விகன் துறையில் 1904இல் நார்வேக்காரர்கள் நிலையம் அமைத்தபின், அதுவரை கடலில் தொலைவில் மட்டுமே தெரிந்த விலங்குகள் வெட்டுமேடைக்கே வந்து சேர்ந்தன. திமிங்கிலத் தோலின் டயாட்டங்களைப் பற்றி ஏ. ஜி. பென்னட் 1920இல் கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் முதன்மையானது அன்று கொக்கோனைஸ் செட்டிகோலா என்று பெயரிடப்பட்ட இனம். திமிங்கில எண்ணெய் மீதான வரியைக் கொண்டு பிரிட்டன் நடத்திய ‘டிஸ்கவரி’ ஆய்வுகளில் பங்கேற்ற டி. ஜான் ஹார்ட், 1935இல் இதை மேலும் கொண்டுசென்றார். வெதுவெதுப்பான கடலிலிருந்து புதிதாக வந்த திமிங்கிலத்தின் தோல் சுத்தமாகவும், தென்முனைக் கடலில் சில வாரங்கள் இரை தின்று கொழுத்ததன் தோல் படலம் மூடியும் இருந்ததால், ஒரு திமிங்கிலம் குளிர்நீரில் தங்கிய காலத்தைப் படலத்தைக் கொண்டே கணிக்கலாம் என்பது அவர் கருத்து. உடலில் கருவி பொருத்தி விலங்கைப் பின்தொடர வழியில்லாத காலத்தில், இதனினும் கூரிய சிந்தனை அரிது.

1980களின் நடுவில் வணிக வேட்டைக்குத் தடை வந்தபின், வெட்டுமேடையை நம்பிய இம்முறைக்கு இடமில்லாமல் போனது. ஆய்வாளர் கவனம் கடலாமைகள் பக்கமும் திரும்பியது. கோஸ்டாரிக்காவின் ஒஸ்தியோனால் கரையில் முட்டையிட வந்த பங்குனி ஆமைகளின் ஓட்டிலிருந்து 2015இல் செலோனிகோலா, பூலினியா என்னும் இரு புதிய டயாட்டப் பேரினங்கள் விவரிக்கப்பட்டன. ஓட்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் படலத்தை எடுப்பது இத்துறையில் இன்று வழக்கமான முறை. ஆமைக்கு அதனால் கேடில்லை.

திமிங்கிலங்களின் பக்கத்தில் ஹார்ட்டின் கணக்கை நிறைவாக்கியவர்கள் உயிருள்ள விலங்கைத் தொடர்ந்தவர்களே. தென்முனைக் கடலின் ஓர்க்காக்களில், அதாவது கொலையாளித் திமிங்கிலங்களில், செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் டர்பனும் பிட்மனும், அவை வெதுவெதுப்பான கடலுக்கு விரைந்து சென்று உடனே திரும்புவதையும், ஓர் ஓர்க்கா 42 நாட்களில் சுமார் 9,400 கிலோமீட்டர் நீந்தியதையும் பதிவு செய்தனர். குளிர்நீரில் தோலைப் புதுப்பிப்பது உடல்வெப்பத்தை இழக்கச் செய்வதால், பழைய தோலை உதிர்க்கவே இப்பயணம் என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். அது சரியானால், தடித்த மஞ்சள் படலம் விலங்கு குளிர்நீரில் தங்கிய நாட்களை மட்டுமன்றி, அது தோலுரிக்காமல் கழித்த நாட்களையும் காட்டுகிறது.