சானலும் சேனலும்

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குச் சானல் என்றால் முதலில் தண்ணீர்தான். தோவாளைச் சானல், அனந்தனார் சானல் என்று சொல்லிப் பழகிய வாய். டிவி சேனல் பிற்பாடு வந்தது. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான். கைபேசியில் நேரலை எப்படி வருகிறது என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டார். பேச்சிப்பாறையில் இருந்துகொண்டு இதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை.

பழைய டெலிவிஷன் மழை மாதிரி. கோபுரத்திலிருந்து அலை கிளம்பினால் எல்லார் கூரையிலும் ஒன்றுபோல விழும். நூறு பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்குச் செலவு ஒன்றே. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்த மழை சென்னையைத் தாண்டவில்லை. 1982 பிப்ரவரி 15-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், நம் தென்கடற்கரை ஊர்களில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி அதைப் பார்த்தார்கள். 1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள நிகழ்ச்சிகள் தொடங்கின. ஆனால் இந்த அலை நேர்கோட்டில் போவது, மலையைத் தாண்டாது. அணைக்கு மேலே உள்ள குடியிருப்புகள் நிஜ மழைக்குக் குறைவில்லாதவை. டிவி மழைக்கு மட்டும் மழை மறைவுப் பிரதேசம்.

அதைத் தீர்த்தவர் கேபிள்காரர். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தபின் தமிழ்நாடு முழுக்க இவர்கள் பெருகினார்கள். மேட்டில் ஒரு டிஷ், அங்கிருந்து மரத்துக்கு மரம் வயர், சத்து குறையும் இடத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர். வானத்திலிருந்து விழுவதை ஓரிடத்தில் தேக்கி வாய்க்காலில் விடும் வேலை. 1906-ல் கோதையாற்றின் குறுக்கே அணை கட்டி முடித்தவர்கள் செய்ததும் அதுதானே.

இதே யோசனை பிரான்ஸிலும் உதித்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த நாட்டுச் செய்தி கண்ணில் பட்டால் விடமாட்டேன். பாரிஸுக்குத் தெற்கே ஷாத்தனே-மலாப்ரி என்ற ஊரில் எக்கோல் சாந்த்ரால் என்னும் பொறியியல் கல்லூரியின் விடுதி. கம்ப்யூட்டர்களை இணைத்த வலைப்பின்னல் மிக மெதுவானது. பிள்ளைகளுக்கோ வலையில் விளையாட வேகம் வேண்டும். விளையாட்டுக்கு யார் பணம் தருவார்கள்? ஆளுக்கொரு டிஷ் வைக்காமல் ஒரே டிஷ்ஷில் பிடித்து, புது வலைப்பின்னல் வழியாக எல்லா அறைக்கும் டெலிவிஷன் தருகிறோம் என்று 1996-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பெயர் வீடியோலேன். ஒரு முனையில் அனுப்பும் நிரல், மறுமுனையில் பார்க்கும் நிரல். 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரி அதை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. உங்கள் பேரன் கம்ப்யூட்டரில் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று இருக்குமே, விஎல்சி, அந்தப் பார்க்கும் நிரல்தான் அது. சாலையில் வைக்கும் கூம்புகளை அந்தப் பிள்ளைகள் அறையில் கொண்டுவந்து குவிப்பார்களாம், அதுவே சின்னமாகிவிட்டது.

விடுதிக்குள் படத்தை அப்படியே அனுப்பலாம். வெளியே அது நடக்காது. சாதாரண டிவி படத்தைச் சுருக்காமல் எண்ணாக்கினால் வினாடிக்கு 27 கோடி பிட் வேண்டும். சாட்டிலைட்டில் அதைச் சில பத்து லட்சங்களாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். மலையோரத்துக் கைபேசிக்கு அதுவும் அதிகம். ஆகவே ஓடுகிற படத்தை அவிழ்த்து, வேறு அளவில் மறுபடி சுருக்க வேண்டும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். பிரெஞ்சில் த்ரான்ஸ்கொதாஜ். எனக்கு இது பழைய சொல். பிரான்ஸின் செக்காம் வண்ண முறையை மற்ற நாடுகளின் பால் முறைக்கு மாற்றுவதற்கும் அந்தச் சொல்தான். அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1953 ஜூன் 2-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஐரோப்பா நேரலையில் பார்த்தது. பிரிட்டனின் படத்தில் 405 கோடுகள், பிரான்ஸில் 819, ஹாலந்திலும் மேற்கு ஜெர்மனியிலும் 625. எப்படி மாற்றினார்கள் தெரியுமா? ஒரு முறைப்படி ஓடும் டிவி திரைக்கு முன்னால் மற்ற முறைக் கேமராவை நிறுத்திப் படம் பிடித்தார்கள்! சிரிப்பு வரலாம். எனக்கு அந்தப் பொறியாளர்கள் மேல் மரியாதைதான்.

இப்போது அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஒரே ஆட்டத்தை ஐந்தாறு தரத்தில் மாற்றி, சில வினாடித் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. வாய்க்கால் அகலமான வீட்டுக்குத் தெளிவான துண்டு. ஒடுங்கிய இடத்துக்கு மங்கலான துண்டு. ஷட்டரை எவ்வளவு திறப்பது என்று கைபேசியே ஒவ்வொரு துண்டுக்கும் முடிவு செய்கிறது. மாற்ற, வெட்ட, சேர்த்துவைக்க நேரம் பிடிப்பதால் அரை நிமிடம்கூடப் பின்தங்கும். டிஷ் இருக்கிற பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த கூச்சல் கேட்டபின் நம் கைபேசியில் பவுலர் ஓடிவருவது இதனால்தான்.

வாய்க்காலுக்கு ஒரு குணம்: குடிப்பவர் கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். 2023 நவம்பர் 19, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயம் 5.9 கோடி பேர் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி. நெரிசலானால் முதலில் மங்குவது கடைவரம்பு. நெல் விதைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். இதற்கிடையில் மழையும் நின்றுவிட்டது. தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் மூடிவிட்டார்கள்.

செலவுக் கணக்குப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு நினைவுக்கு வருவது 2017 நவம்பர் 30, ஒக்கி. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை, கைபேசியும் ஓய்ந்தது. கடலுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள, பேட்டரி ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில்தான் கூட்டம் நின்றது. அத்தனை பேர் கேட்டும் ரேடியோவுக்குச் சத்தம் குறையவில்லை.

இப்போது கான்பூர் ஐஐடியும் பிரசார் பாரதியும் சேர்ந்து, இணையமே இல்லாமல் கோபுரத்திலிருந்து நேராகக் கைபேசிக்கு டிவி அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பெங்களூரிலும் டில்லிப் பக்கமும் சோதனை நடந்தது. அதற்குத் தனிச் சிப் வைத்த கைபேசி வேண்டுமாம். மலைக்கு இந்தப் பக்கம் வரும்போது கோபுரத்தை எங்கே வைப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.