வழியும் அனுமதியும்: ஒரு கணினிப் பிழையின் வரலாறு

இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே அமைந்த ஊர் முந்தல். அவ்வூரை அடுத்துள்ள முந்தல் களப்பையும் வடக்கேயுள்ள புத்தளம் களப்பையும் இணைத்து நிற்பது, ஒல்லாந்தர் வாய்க்கால் என இன்றும் வழங்கும் நீர்வழியாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. புத்தளத்து உப்பைத் தோணியில் ஏற்றிச் செல்வோனுக்கு வாய்க்காலின் வளைவு நெளிவெல்லாம் தெரிந்திருக்கலாம். ஆயினும் அனுமதிச் சீட்டு இல்லையேல் அந்த உப்பு கள்ள உப்பே. வழியை அறிவது ஒன்று. அவ்வழியே எப்பொருள், எந்நிபந்தனையின்பேரில் போகலாம் என்பதை அறிவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துணர்ந்தால், நமது காலத்துக் கணினி உலகில் நேர்ந்த ஒரு பிழையின் வரலாறு எளிதில் விளங்கும்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். அதன் நடுவே இருந்து நினைவகம், கோப்பு, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் ஆளும் பகுதியைக் கேர்னல் என்பர். பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கேர்னல், இன்று உலகின் பெரும் கணினி நிலையங்களில் வேலை செய்கிறது. கடல் கடந்து உழைப்போர் ஊருக்கு அனுப்பும் பணத்தின் கணக்காயினும், மருத்துவமனையில் பதிந்த நோயாளியின் குறிப்பாயினும், அத்தகைய நிலையங்களைக் கடந்தே பெரும்பாலும் செல்கின்றன.

வலையமைப்பில் செல்லும் செய்தி சிறு சிறு தரவுப் பொதிகளாகப் பிரிந்து செல்வது. தொடக்க காலத்தில் இப்பொதிகள் திறந்த அஞ்சலட்டை போன்றே இருந்தன. இடையில் நிற்பவர் எவரும் வாசிக்கலாம். இக்குறையை நீக்க ஐபிசெக் என்னும் முறை வகுக்கப்பட்டது. 1998இல் வெளியான அதன் விதிமுறை, ஒவ்வொரு கணினியிலும் ஒரு கொள்கைப் பதிவேடு இருக்க வேண்டுமென்றது. எந்தப் பொதியை மறைகுறியாக்கி அனுப்புவது, எதை அப்படியே விடுவது, எதைத் தடுப்பது என்பன அப்பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6 பதிப்பில் இதற்கான அமைப்பு கேர்னலின் உள்ளேயே இடம்பெற்றது.

இதற்கிடையே வேறொரு மாற்றமும் நிகழ்ந்து வந்தது. இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. அவை போதாவென உணர்ந்து, 128 பிட் நீளமுள்ள முகவரிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு உருவாக்கப்பட்டது. கேர்னலில் இவ்விரு பதிப்புகளுக்கும் தனித்தனியே நிரல்கள் எழுதப்பட்டன. பிழை புகுந்த இடமும் இதுவே.

பெரிய கணினி நிலையங்களில், ஒரு வலையமைப்பின் பொதிகளை மற்றொன்றின் பொதிகளுக்குள் வைத்து அனுப்பும் சுரங்கவழிகள் உண்டு. வீஎக்ஸ்லான் என்பது அவற்றுள் ஒன்று. அச்சுரங்கவழிக்குத் தானாக இரகசியம் காக்கும் ஆற்றல் இல்லை. ஆகவே இரகசியம் வேண்டுவோர் அதன்மேல் ஐபிசெக் கொள்கையை விதிப்பர். 2013ஆம் ஆண்டில் இச்சுரங்கவழி ஆறாம் பதிப்பு முகவரிகளிலும் இயங்குமாறு கேர்னலில் வசதி செய்யப்பட்டது. அப்போது வழி தேடுவதற்கென இணைக்கப்பட்ட நிரற்கூறு, வழியை மட்டும் தேடித் தந்தது. கொள்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. நான்காம் பதிப்புக்கான நிரற்கூறோ இரண்டையும் ஒருங்கே செய்தது.

விளைவு யாது? நிருவாகி கொள்கையை ஒழுங்காகவே எழுதியிருப்பார். கணினியும் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். ஆயினும் ஆறாம் பதிப்பின் வழியே சென்ற சுரங்கப் பொதிகள் மறைகுறியாக்கப்படாமலே வெளியேறின. பொதிகள் உரிய இடத்தைத் தவறாது சென்றடைந்தமையால் எவரும் முறையிடவில்லை. வழி அடைபட்டால் உடனே தெரிந்துவிடும். காவல் தவறினால் எளிதில் தெரிவதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேலாக இப்பிழை கேர்னலில் தங்கியிருந்ததற்கு அதுவே காரணம் எனலாம்.

2019 டிசம்பரில், கேர்னலின் வலையமைப்புப் பகுதியில் பணியாற்றும் சப்ரினா டுப்ரோகா இதற்கான திருத்தத்தை எழுதினார். திருத்தத்தின் கருத்து எளிது: வழியை மட்டும் தேடும் கூற்றை விலக்கி, வழியோடு கொள்கையையும் பார்க்கும் கூற்றை அவ்விடத்தில் வைப்பது. செய்கையோ அத்துணை எளிதன்று. புதிய கூறு கேட்கும் விவரங்கள் வேறு. அது தரும் விடையின் வடிவமும் வேறு. ஆகவே முதலில் அக்கூற்றையே சற்று மாற்றியமைத்து, பின்னர் பழையதை அழைத்து வந்த ஒவ்வோரிடத்தையும் தேடித் திருத்த நேர்ந்தது. சுரங்கவழிகள் மட்டுமன்றி வேறு சில வலையமைப்புப் பகுதிகளும் அவ்வாறே திருத்தம் பெற்றன. 2020 ஜனவரியில் வெளியான 5.5ஆம் பதிப்பில் இத்திருத்தம் இடம்பெற்றது. பழைய பதிப்புகள் பலவற்றிற்கும் பின்னர் கொண்டு செல்லப்பட்டது. உலகப் பாதுகாப்புக் குறைபாட்டுப் பட்டியலில் இப்பிழை 2020-1749 என்னும் இலக்கத்தால் குறிக்கப்படுகிறது.

இவ்வரலாற்றில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. விதி எழுதியவர் தவறவில்லை. மறைகுறியீட்டின் கணிதமும் தோற்கவில்லை. விதியைக் கேட்க வேண்டிய இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவே. வாய்க்காலுக்குப் புதிதாக ஒரு கிளை வெட்டுவோர், பழைய துறையில் நிற்கும் காவலைப் புதுத் துறையிலும் நிறுத்த மறந்ததற்கு இது ஒப்பாகும். எனவே கொள்கையை எழுதியதோடு நின்றுவிடாமல், கம்பியில் செல்லும் பொதியை எடுத்து, அது உண்மையில் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பது நிருவாகியின் கடமையாகும். திருத்தம் வெளிவந்த பின்னும் பழைய பதிப்பையே மாற்றாது வைத்திருக்கும் கணினியில் அப்பிழை இன்றும் அப்படியே இருக்கும் என்பதையும் அவர் மறத்தலாகாது.