உருகியிலிருந்து பிரேக்கர் வரை: ஒன்ராறியோ வீடுகளின் மின்பெட்டி சொல்லும் வரலாறு

வீடு வாங்கச் செல்லும் எம்மவர்கள் சமையலறையைக் கூர்ந்து நோக்குவார்கள். கூரையின் வயதை விசாரிப்பார்கள். நிலவறைச் சுவரிலுள்ள மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்து பார்ப்போர் வெகுசிலரே. 'பனல்' என நாம் அழைக்கும் அப்பெட்டி, அவ்வீடு எக்காலத்துத் தேவைகளுக்காகக் கட்டப்பட்டது என்பதைக் கூறும் சாசனமாகும். அதனை வாசிப்பதற்கு ஒன்ராறியோவின் மின்சார வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

நயாகராவின் மின்சாரம் தனியாரின் இலாபத்துக்கன்றி மக்களின் பொதுச்சொத்தாக விளங்க வேண்டுமென வாதாடியவர் அடம் பெக். அவரது தலைமையில் 1906 இல் ஒன்ராறியோ நீர்மின்சக்தி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1910 ஒக்ரோபர் 11 ஆம் நாள், இன்று கிச்சினர் எனப்படும் அன்றைய பேர்ளின் நகரில் அதன் விளக்குகள் முதன்முதலாக ஒளிர்ந்தன. அடுத்த ஆண்டு ரொறன்ரோவும் அம்மின்சாரத்தைப் பெற்றது.

அக்காலத்தில் மின்சாரம் என்றால் பெரும்பாலும் விளக்குத்தான். பீங்கான் குமிழ்களில் தாங்கப்பட்டும், மரச்சட்டங்களைத் துளைக்குமிடங்களில் பீங்கான் குழாய்களினூடாகவும் இரு செப்புக் கம்பிகள் தனித்தனியே சென்றன. 'நொப் அன்ட் ரியூப்' எனப்படும் இம்முறையில் புவித்தொடுப்புக் கம்பி கிடையாது. காவலுக்கு இருந்தது உருகி ஒன்றே. எடிசன் காலந்தொட்டு வழங்கிய அதன் தத்துவம் எளிமையானது: மின்னோட்டம் அளவு மீறினால் மெல்லிய உலோகக் கீற்று உருகி, சுற்று அறுபடும். கீற்று தன்னை அழித்துக்கொண்டு, சுவருக்குள் ஓடும் கம்பியைக் காக்கிறது. 1927 இல் கனடிய மின்சாரக் கோவையின் முதற் பதிப்பு வெளிவந்து, இத்தகைய வேலைகளுக்குப் பொது ஒழுங்கை வகுத்தது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் குளிர்சாதனப் பெட்டி, மின்னடுப்பு, சலவை இயந்திரம் ஆகியன வீடுகளை நிறைத்தன. தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் அதுவரை வழங்கிய 25 சுற்று மின்சாரத்தை 60 சுற்றாக மாற்றும் பெரும்பணி 1949 இல் தொடங்கி 1959 வரை நீடித்தது. பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று இயந்திரங்களின் மோட்டார்களை மாற்றினர். எனினும் சுவர்களுக்குள் இருந்த பழைய கம்பிகள் பல வீடுகளில் அப்படியே கிடந்தன. 60 அம்பியர் இணைப்பே போதுமெனக் கருதப்பட்ட காலம் அது.

உருகி அடிக்கடி போகவே, மக்கள் குறுக்குவழி தேடினர். 15 அம்பியர் உருகியை எடுத்துவிட்டு 30 அம்பியர் உருகியைத் திருகினர். சிலர் உருகியின் பின்னே செப்புக் காசை வைத்தனர். காவலன் உறங்கினான், கம்பி சூடேறியது. இதற்கு மாற்றாக வந்ததே பிரேக்கர். ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்ரொட்ஸின் நிறுவனம் 1924 இல் வீட்டுப் பாவனைக்கேற்ற சிறிய பிரேக்கருக்குக் காப்புரிமை பெற்றது. அதிலுள்ள ஈருலோகத் தகடு மிகைச் சுமையால் வளைந்து சுற்றைத் துண்டிக்கும். குறுஞ்சுற்று ஏற்பட்டால் மின்காந்தம் கணத்தில் துண்டிக்கும். போருக்குப் பின்னரான பத்தாண்டுகளில் வட அமெரிக்க வீடுகளில் அது உருகியின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. 1960 களின் நடுப்பகுதி முதல் 1970 களின் இறுதிவரை கட்டப்பட்ட பல வீடுகளிலோ, செம்பின் விலையேற்றத்தால் அலுமினியக் கம்பிகள் இடம்பெற்றன. அவற்றின் இணைப்புகள் தளர்ந்து சூடேறுவது பின்னர் தெரியவந்தது.

இவ்வரலாறு எமக்குப் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. பிரேக்கர் காப்பது அடுப்பையோ தொலைக்காட்சியையோ அன்று. முதலில் அது காப்பது கம்பியையே. 15 அம்பியர் சுற்றொன்று 120 வோல்ற்றில் 1,800 வாற் வரையே தாங்கும். நிலவறைக் குடியிருப்பில் 1,500 வாற் சூடாக்கியும் 1,500 வாற் கேத்தலும் அதே சுற்றில் ஒன்றாக இயங்கினால் 25 அம்பியர் பாயும். பிரேக்கர் விழுவது குற்றமன்று, எச்சரிக்கை. அதனைப் பெரிய பிரேக்கராக மாற்றுவோர் அன்று காசு வைத்தவர்களின் தவறையே மீண்டும் செய்கின்றனர்.

60 அம்பியர் பெட்டியை அகற்றி 100 அல்லது 200 அம்பியர் பெட்டி பொருத்துவது நன்றே. ஆயின் பெட்டி புதிதானதால் பழைய கம்பி புதிதாகிவிடாது. இரண்டையும் ஒருங்கே பரிசோதித்தல் வேண்டும். பழைய இணைப்புள்ள வீடுகளைப் பொறுப்பேற்கக் காப்புறுதிக் கம்பனிகள் பல தயங்குகின்றன. ஒன்ராறியோவில் 1999 முதல் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபையே இவ்வேலைகளைக் கண்காணிக்கிறது. கூலி கொடுத்துச் செய்விப்பதாயின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரை அமர்த்துவதும், வேலையை அச்சபைக்கு அறிவித்துச் சான்று பெறுவதும் அவசியமாகும். மலிவாகச் செய்து தருவதாகக் கூறும் அறிமுகமானவரிடம் இச்சான்றைக் கேட்கக் கூச்சப்படுதல் ஆகாது.

1990 களில் யாழ். குடாநாட்டில் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்த தலைமுறையினர் இன்று இங்கு வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த விளக்கு சரிந்தால் ஆபத்து கண்முன்னே தெரிந்தது. இங்கோ அது சுவருக்குள் மறைந்திருக்கிறது. நிலவறையில் வாடகைக்கு உறங்கும் குடும்பத்தின் உயிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரே பொறுப்பாளி என்பதை மறத்தலாகாது.